நாலடி வெள்ளவத்தை

வெள்ளவத்தை,
14.01.2024

அன்புள்ள தம்பி கஜேந்திரனுக்கு,

உனக்கும் நிரோஷாவுக்கும் பிள்ளைகளுக்கும் பொங்கல் வாழ்த்து. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வரப்போவதை வானொலிக்கு முந்திச் சொல்லிவிடுகிறது. நீ பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

இதைக் கையால் எழுதி, படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீயும் அப்படியே செய். போனில் நீ என்னைக் கதைக்க விடமாட்டாய், நானும் உன்னை விடமாட்டேன், கடைசியில் நிரோஷாதான் வந்து விலக்குப் பிடிக்க வேண்டும். கடிதத்தில் குறுக்கே விழ வழியில்லை.

விஷயம் இதுதான். நான் சின்ன ரயில் ஒன்று வாங்கிவிட்டேன். சிரிக்காதே. போன வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் மாதிரி ரயில் கண்காட்சி பார்த்தேன் அல்லவா? அதை நடத்தும் சங்கத்தின் செயலாளர் மஷூர் என் பழைய நோயாளி. அவருடைய கடைவாய்ப் பல் இரண்டையும் பிடுங்கியவள் நான். அந்த நன்றியோ, அந்தப் பயமோ, வரும் செப்டெம்பர் கண்காட்சியில் புதியவர்களுக்கென்று ஒதுக்கிய ஒரே மேசையை எனக்குத் தருவதாகச் சொல்கிறார். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஆனால் சும்மா வட்டம் சுற்றுகிற விளையாட்டு ரயிலுக்கு அங்கே இடமில்லை. இலங்கையில் உண்மையாகவே இருக்கிற, அல்லது இருந்த, ஒரு பாதையைத்தான் செய்ய வேண்டும். எந்தப் பாதை, எந்த இடம், எந்த வருடம் என்று மார்ச் முடிவதற்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேசை வேறு ஆளுக்குப் போய்விடும்.

எனக்கு அந்த மேசை வேண்டும், தம்பி. பல் வைத்தியராக இத்தனை வருடம் வேலை செய்தேன். நான் செய்ததெல்லாம் பிறர் வாய்க்குள் போய் மறைந்துவிட்டது. நாலு பேர் சுற்றி நின்று பார்க்கிற மாதிரி நான் இதுவரை ஒன்றும் செய்ததில்லை.

நீ பதினாறு வருடமாக இந்தப் பொழுதுபோக்கில் கிடக்கிறாய். நிலவறை முழுக்க ரயில் பெட்டி என்று நிரோஷா எப்போதும் முறைப்பாடு சொல்வாள். எந்தப் பாதையைச் செய்யலாம் என்று நீயே சொல்லு. உன்னுடையதை ஒரு படம் எடுத்தும் அனுப்பு, பார்த்துப் பழகுகிறேன்.

அன்புடன்,
அக்கா துஷ்யந்தி


ஆர்னா, பேர்கன், நோர்வே,
20.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நாங்கள் சுகம். பேர்கனில் மழை விட்டபாடில்லை. மாத்திரை போடுகிறேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிட்டு இருந்துவிடாமல் டொக்டரிடம் காட்டுங்கள். டொக்டர்மார்தான் டொக்டரிடம் போகமாட்டார்கள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அக்கா? வடக்குப் பாதைதான். காங்கேசன்துறை, 1978ஆம் வருடம், யாழ் தேவி வந்து நிற்கிற நேரம். நாங்கள் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தோம்தான். ஆனாலும் விடுமுறை என்றால் அந்த ரயில்தானே? தமிழராகப் பிறந்து வேறு பாதையைச் செய்தால் ஆட்கள் என்ன சொல்வார்கள்?

இன்னொன்று. இலங்கைத் தண்டவாளம் ஐந்தரை அடி அகலம். கடையில் விற்கிற சின்னத் தண்டவாளம் அந்தக் கணக்குக்கு ஒடுக்கம். உண்மையான ஆள் அதைத் தொடமாட்டான். சரியான அகலத்தில் தானே செய்துகொள்வான். மலிவான எஞ்சினும் வாங்கவேண்டாம்.

நிலவறையில் வெளிச்சம் போதாது. படம் பிறகு அனுப்புகிறேன்.

என்றும் உங்கள் அன்புத் தம்பி,
கஜேந்திரன்


வெள்ளவத்தை,
11.02.2024

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். டொக்டரிடம் போனேன். நடக்கச் சொன்னார், காசும் வாங்கினார். இப்போது பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம் நடக்கிறேன்.

உன் காங்கேசன்துறையை அளந்து பார்த்தேன். எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அந்த மேடை என் சாப்பாட்டு மேசையில் தொடங்கிக் குசினிக்குள் போய் முடிகிறது. நாலடிக்குள் வைத்தால் எஞ்சினும் ஒரு பெட்டியும் நிற்கும். மிச்ச யாழ் தேவி என்ன, கடலுக்குள்ளா நிற்பது? அதோடு 1978இல் அந்த மேடை எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பதெல்லாம் நீ அனுராதபுரம் தாண்டமுன் என் புதுச் சட்டையில் வாந்தி எடுத்ததுதான். அதைச் செய்து காட்ட முடியாது.

தண்டவாள அகலத்தைப் பற்றி மஷூரிடம் கேட்டேன். சங்கத்தில் எல்லாருமே கடைத் தண்டவாளத்தில்தான் ஓட்டுகிறார்களாம். சரியான அகலம்தான் வேண்டும் என்று நின்ற ஒருவர் இன்னும் தண்டவாளம்தான் செய்துகொண்டிருக்கிறாராம். புதியவர்கள் சின்ன இடமாக, போய்ப் பார்த்து வரக்கூடிய இடமாக எடுத்தால் நல்லது என்றார்.

நீ எந்தப் பாதையைச் செய்தாய்? அதைச் சொல்லவே இல்லை. படமும் வரவில்லை. ஒரு பல்ப் வாங்கிப் போடு.

அன்புடன்,
அக்கா


ஆர்னா,
02.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுணங்கிப்போனதற்கு மன்னிக்கவும். எல்லாருக்கும் தடிமன், இப்போது சுகம். நீங்கள் நடப்பதைக் கேட்டு நிரோஷா என்னையும் நடக்கச் சொல்கிறாள்.

காங்கேசன்துறை வேண்டாம். யோசித்துப் பார்த்தேன், தெமோதரை. ரயில் மலையைச் சுற்றி வந்து, தான் வந்த பாதைக்குக் கீழாலேயே சுரங்கத்துக்குள் போகுமே, அந்த வளையம். அதைப் பார்த்தால் உலகமே கை தட்டும். ஆனால் நாலடிக்குள் அந்த மலை அடங்காது, அதுவும் சரிதான். அப்படியென்றால் களனிப் பள்ளத்தாக்குப் பாதை, பழைய ஒடுங்கிய தண்டவாளக் காலத்தில். சின்ன எஞ்சின், சின்ன வளைவு, றப்பர்த் தோட்டம். அதற்கு எஞ்சின் கிடைப்பது கஷ்டம்.

இதை எழுதி முடித்த பிறகு இன்னொன்று தோன்றியது. கொழும்புத் துறைமுகத்துக்குள் போன சரக்குப் பாதை எப்படி? கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தபோது கூவுகிற சத்தம் கேட்குமே. ஆனால் யாழ் தேவியை விடுவதற்கும் மனம் வருகுதில்லை. நன்றாக யோசியுங்கள். அவசரப்பட்டு எடுக்கிற விஷயம் இல்லை இது.

அன்புடன்,
கஜேந்திரன்


வெள்ளவத்தை,
24.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

தடிமன் எல்லாருக்கும் போயிருக்கும். கொத்தமல்லி அவித்துக் குடித்தாயா, இல்லை அதற்கும் யோசித்துக்கொண்டிருந்தாயா?

நான் முடிவெடுத்துவிட்டேன். நேற்றுக் கொட்டாஞ்சேனைக்குப் போய் மஷூரிடம் சொல்லியும்விட்டேன். கடலோரப் பாதை, வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிற இடத்துப் பாலம், இந்த வருடம்.

நடந்ததைச் சொல்கிறேன். மரைன் டிரைவில் நடந்து போய்க் கால்வாய் வாயில் மூச்சு வாங்க நின்றேன். ஒரு ரயில் பாலத்தில் தடதடவென்று போனது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டு சனம். கீழே கறுத்த தண்ணீர், அந்தப் பக்கம் நுரை, கல்லுக்கு மேலே குடைக்குள் ஒரு சோடி. நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்த ரயிலுக்கும் நின்றேன், அதற்கடுத்ததுக்கும் நின்றேன். மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கல்லை அச்சு எடுக்கிற சாந்தில் வார்க்கலாம், நுரைக்குப் பஞ்சு, தண்ணீருக்கு வார்னிஷ். எனக்குச் செய்யத் தெரியாத ஒன்றும் அங்கே இல்லை. அதோடு பார், பலகையில் பாதி கடல். அங்கே தண்டவாளமும் வேண்டாம், வீடும் வேண்டாம், ஸ்டேஷனும் வேண்டாம். இரண்டு பாதை, ஒரு பாலம். இரண்டு முனையிலும் ரயில் ஒளிந்து நிற்க ஒவ்வொரு பெட்டி, அவ்வளவுதான்.

நீ சொன்ன இடங்கள் எல்லாம் நல்ல இடங்கள். ஆனால் அதில் எதைச் செய்தாலும் நான் யாரையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினால் போதும். மஷூர் எழுதிக்கொண்டு, “டொக்டர், இத இதுவரைக்கும் ஒருத்தரும் செய்யல்ல. எல்லாரும் மலைக்குத்தான் ஓடினாங்க” என்றார். பஸ்ஸில் வரும்போது எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இடம் பார்த்துப் போனாள்.

பாதைத் திட்டத்தை நீ வரைந்து தா. ரயில் எந்தப் பக்கம் போகும், சிக்னல் எங்கே நிற்கும், வயர் எப்படி இழுப்பது, எல்லாம் போட்டு. அது உன் வேலை.

அன்புடன்,
அக்கா


ஆர்னா,
12.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நாங்கள் சுகம்.

நீங்கள் முடிவெடுத்துவிட்டதால் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளவத்தைப் பாலத்தை ஆட்கள் தினமும் ஜன்னலால் பார்க்கிறார்கள். அதைப் பார்க்க ஏன் கொட்டாஞ்சேனை மண்டபத்துக்கு வரப்போகிறார்கள்? யோசித்திருக்கலாம்.

திட்டம் இத்துடன் இருக்கிறது. அம்புக்குறி போட்டிருக்கிறேன். அதைப் பார்த்தே செய்யுங்கள்.

கஜேந்திரன்


வெள்ளவத்தை,
16.06.2024

அன்புள்ள தம்பிக்கு,

எப்படிச் சுகம்? உன் சித்திரைக் கடிதம் பல் கூசுகிற மாதிரி இருந்தது. கோபம் போய்விட்டதா? நான் சுகம். முழங்காலை மறந்தே போனேன், நேரமில்லை.

பலகை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ரயிலின் முகத்தைப் பல்செட் செய்கிற முறையில் செய்தேன்: மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, பிளாஸ்டிக் வார்த்து. பழைய கையிருப்பில் இருந்தது ஈறு நிறப் பிளாஸ்டிக் மட்டும்தான். இரண்டு நாள் ஈறு நிற ரயில் ஒன்று என் மேசையில் ஈயென்று நின்றது. பிறகு நீலம் பூசினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். கீழ்வீட்டு ஜவாஹிறாவைக் கூப்பிட்டிருந்தேன். கொழும்புக் கோட்டையில் ஒரு வங்கியில் அதிகாரியாக இருக்கிறாள். தினமும் இந்த ரயிலில்தான் போய் வருகிறாள். தேத்தண்ணிக் கோப்பையோடு குனிந்து பார்த்தவள் குடிக்கவே இல்லை. கோட்டைக்குப் போகிற ரயில் எது என்று கேட்டாள். தரைப் பக்கம் ஓடுகிறதே அது என்றேன்.

“இது பிழை டொக்டர். கோட்டைக்குப் போற கோச்சி கடல் பக்கந்தான் வரும். காலைல என்ட அபாயா நனையிறதே அதுலதான். பின்னேரம் வரக்குள்ள ஒரு சொட்டும் படாது.”

என் தம்பி வரைந்தது, பதினாறு வருட அனுபவம் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் ஆறிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் காலையில் பாலத்தடிக்குப் போய் நின்றேன். தென்மேல் காற்றில் அலை எழும்பி அடிக்கிறது. கோட்டைக்குப் போகிற ரயில் ஒவ்வொன்றும் கடல் பக்கத்தால் நனைந்து நனைந்து போனது. இத்தனை காலம் பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை. உன் அம்புக்குறியைத்தான் நம்பினேன். இப்படியே கொண்டுபோயிருந்தால் வெள்ளவத்தையே வந்து சிரித்திருக்கும்.

மஷூரிடம் திட்டத்தைக் காட்டினேன். உங்கள் தம்பி எந்த நாட்டில் என்று கேட்டார். சொன்னேன். அங்கே ரயில் வலப்பக்கம் ஓடும், இங்கே இடப்பக்கம் என்றார்.

தம்பி, நான் கோபிக்கவில்லை. சாந்தில் இறுகிப்போன சிக்னல் கம்பங்களைப் பல் பிடுங்குகிற மாதிரியே பிடுங்கினேன், ஒன்றும் முறியவில்லை. வயரை மாற்றினேன், இரண்டு ரயிலையும் திருப்பி வைத்தேன். எல்லாம் சரி. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். காங்கேசன்துறை, தெமோதரை என்றெல்லாம் உன் வாய் சொல்கிறது. உன் கை வரைந்தது காலையில் நீ ஏறுகிற ரயிலை.

அன்புடன்,
அக்கா


வெள்ளவத்தை,
21.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நிரோஷா சொல்லித் தெரிந்தது. என் கடிதத்துக்கு நீலக் குறி விழுந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது, பதில் இல்லை.

பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போன் எடுத்தபோது நிரோஷா எனக்கு எல்லாம் சொல்லிவிட்டாள். “பெட்டியளில கடைக்காரன் ஒட்டின டேப் இன்னும் அப்பிடியே இருக்கு மச்சாள். இவர் எல்லாத்தையும் வாங்குவார், ஒண்டையும் திறக்கமாட்டார்” என்றாள். அவளை ஏசாதே. நான்தான் தோண்டிக் கேட்டேன்.

இனி உன்னிடம் படம் கேட்கமாட்டேன். ஆனால் பேசாமல் இருக்காதே. பேசாத தம்பியோடு எனக்குப் பழக்கம் இல்லை.

அன்புடன்,
அக்கா


ஆர்னா,
18.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? நான் சுகம். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நிரோஷா சொன்னது உண்மைதான். காங்கேசன்துறைக்கு ஒரு பெட்டி, மலைநாட்டுக்கு ஒரு பெட்டி என்று வாங்கி வாங்கி அடுக்கினேன். ஒன்றைத் திறந்து தண்டவாளத்தை ஆணியடித்துவிட்டால் மற்றதெல்லாம் இல்லையென்று ஆகிவிடும். அந்தப் பயம்தான். மூடி இருக்கும்வரை எல்லாமே என்னுடையது. காங்கேசன்துறையை நீங்கள் செய்துவிட்டால் எனக்கு அந்தத் தொல்லை இல்லை என்று நினைத்தேன். நீங்கள் வேறு இடத்தை எடுத்தபோது ஆத்திரம் வந்தது. வெட்கமாக இருக்கிறது, அக்கா.

அம்புக்குறியைப் பற்றி வாசித்த அடுத்த நாள் வேலைக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய் மேடையில் நின்றேன். முப்பத்தெட்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். இங்கே நான் பார்த்ததெல்லாம் மணிக்கூட்டை மட்டும்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கண்காட்சி நல்லபடி நடக்கும். என் அம்புக்குறி இல்லாததால் நிச்சயம் நடக்கும்.

அன்புடன்,
கஜேந்திரன்


வெள்ளவத்தை,
10.09.2024

என் அருமைத் தம்பிக்கு,

உன் சுகத்தை முதலில் விசாரிக்க வேண்டும், விசாரித்ததாக வைத்துக்கொள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வென்றுவிட்டேன்.

சனிக்கிழமை காலை கண்காட்சி தொடங்கியது. எனக்கு அடுத்த மேசையில் ஒருவர் முழு மலையையே கட்டி, சுரங்கத்துக்குள் விளக்கும் போட்டிருந்தார். சனம் எல்லாம் அங்கே. என்னுடைய பாலத்தில் நீல ரயில் பார்க்க ஆள் இல்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. நீ சித்திரையில் எழுதியது சரிதானோ என்றுகூட நினைத்தேன்.

பதினொரு மணி போல ஒரு பெண் சும்மா கடந்து போனவள், திரும்பி வந்து குனிந்தாள். “ஐயோ, இதிலதானே நான் ஒவ்வொரு நாளும் போறனான்” என்று புருஷனைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு எனக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை. தங்கள் வீட்டு மாடியைத் தேடினார்கள். குடைக்குள் இருக்கிற சோடி யார் என்று ஆளையாள் கேட்டுச் சிரித்தார்கள். தினமும் பார்க்கிறதை ஏன் பார்க்க வருவார்கள் என்று கேட்டாயே, தம்பி. தினமும் பார்க்கிறதால்தான் வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வயதான சிங்களவர் வந்தார். கடலோரப் பாதையில் ரயில் கார்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவராம். குனிந்து நின்று இரண்டு ரயிலையும் பார்த்தார். எது எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. பிறகு என்னைப் பார்த்து, “ஹரியடம ஹரி, டொக்டர்” என்றார். அச்சொட்டாகச் சரி என்று ஒரு கார்ட் சொன்ன பிறகு எனக்கு வேறு பரிசு எதற்கு? ஆனாலும் கொடுத்தார்கள். பார்வையாளர்கள் சீட்டெழுதிப் போட்டதில் அதிகம் எனக்குத்தான். மலைக்காரர் வந்து கை கொடுத்தார். ஜவாஹிறா மண்டபமே திரும்பிப் பார்க்கக் கை தட்டினாள். நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. மஷூர் கோப்பையைத் தரும்போது அடுத்த வருடம் புதியவர் மேசை எனக்குக் கிடையாது, நடு மண்டபத்து மேசைதான் என்றார்.

அன்புடன்,
வெற்றி வீராங்கனை, உன் அக்கா


ஆர்னா,
27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நிரோஷா சத்தமாக வாசித்தாள்; பிள்ளைகள் இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார்கள். கோப்பையின் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். உங்கள் முழங்கால் இந்த ஆட்டத்தைத் தாங்கியதா? நாங்கள் நல்ல சுகம்.

நேற்று நிலவறைக்குப் போய் ஒரு பெட்டியைத் திறந்தேன். டேப்பைக் கிழித்த சத்தத்தில் எனக்கே கை நின்றது. காங்கேசன்துறைப் பெட்டி இல்லை. கடையில் மலிவாகக் கிடந்தது என்று எப்போதோ வாங்கிப் போட்ட நோர்வே ரயில்.

ஆர்னா ஸ்டேஷன், இந்த வருடம், மழை நாள். அதைத்தான் எடுத்தேன். மூத்தவள் பிறக்கும்போது வலியோடு நிரோஷா நின்ற மேடை அது. அம்மா போய்விட்டார் என்று நீங்கள் போன் எடுத்தபோது நான் நின்றதும் அங்கேதான். இதையெல்லாம் நான் ஒரு நாளும் சேர்த்து யோசித்ததில்லை. வேலைக்குப் போகிற வழி என்றுதான் நினைத்திருந்தேன்.

தண்டவாளத்தை ஆணியடித்தேன். பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. மட்டையை வெட்டி மேடை செய்தேன், நனைந்த நிறம் வரச் சாம்பலும் கறுப்பும் பூசினேன், சைக்கிள் நிறுத்துகிற கொட்டில் ஒன்று வைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முந்தி ரயில் ஓடியது. கொஞ்சம் தட்டித் தட்டித்தான் ஓடியது, ஆனால் ஓடியது.

சாப்பிடக் கூப்பிட வந்த நிரோஷா படியிலேயே நின்றாள். பிறகு இறங்கி வந்து குனிந்து, கொட்டிலை விரலால் தொட்டாள்.

“இது எங்கட ஸ்டேஷன் எல்லோ?”

இந்த ஊரில் எதையும் நாங்கள் ஒரு நாளும் எங்கட என்று சொன்னதில்லை, அக்கா. அவள் சொன்னது அவளுக்கே தெரியவில்லை. நான் ஓம் என்றேன்.

உங்கள் தம்பி,
கஜேந்திரன்